கொள்வினையும் கொடுப்பினையும்: செட்டிநாட்டில் ஆறு நாள்

முதல் நாள்: காரைக்குடி

காலையில் திருச்சியில் பேருந்து ஏறினேன். புதுக்கோட்டையைக் கடந்து, திருமயம் கோட்டை தெரிந்து மறைந்த பிறகு, செம்மண்ணும் சீமைக்கருவேலமும் நீர் வற்றிய கண்மாய்களுமாக நிலம் விரியத் தொடங்கியது. சிறுவயதில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இந்த வழியே அம்மாவோடு வந்திருக்கிறேன். அம்மா பிறந்த ஊர் தேவகோட்டைக்கு அருகில் உள்ளது. அவர் காலமான பிறகு பதினோரு ஆண்டுகளாக நான் இந்தப் பக்கம் வரவே இல்லை.

இப்போது வந்திருப்பதற்கு ஒரு குடும்பக் காரணம் உண்டு. என் தங்கை மகள், தன்னோடு படித்த ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறாள். அம்மாவின் ஊரில் எந்தத் தெருவுக்குள் போகக் கூடாது என்று சிறுவயதில் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்களோ, அந்தத் தெருவில் வாழ்பவர்களின் சாதியைச் சேர்ந்தவர் அந்தப் பையன். தாய்மாமனாகிய நான் அவளிடம் பேசித் தடுக்க வேண்டும் என்று உறவினர்கள் எதிர்பார்க்கிறார்கள். அதற்கு முன் ஊரில் இருக்கும் மூத்த மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டு வரும்படி தங்கையின் கணவர் என்னை அனுப்பியிருக்கிறார். மாமாவைக் கடைசி நாளில் பார்க்கிறேன். அதற்கு முந்திய ஐந்து நாட்களையும் நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

மனிதர்கள் கூட்டங்களாகப் பிரிந்து பகை கொள்வது ஏன் என்பது நெடுநாளாக என்னை வாட்டும் கேள்வி. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படைவீரராகச் சிறைப்பட்டு உயிர் பிழைத்துத் திரும்பியபோது, அவருடைய குடும்பத்தார் அழிக்கப்பட்டிருந்தனர். அவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வை 1970இல் வெளியிட்டார். க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்று கேட்டு, அதன்படி பிரித்ததாகச் சொல்லிச் சிறுவர்களை இரு குழுக்களாக்கினார். தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. பிறருக்குப் பணம் பங்கிடச் சொன்னபோது, தம் குழுவுக்கு மொத்தத்தில் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று பலரும் தேர்ந்தெடுத்தார்கள். அற்பமான ஒரு கோடு கிழித்தாலே இது நிகழ்கிறது என்றால், கோடுகளால் நிறைந்த இந்த மண்ணில் அமைதி என்ற ஒன்று எப்படி இருக்க முடிகிறது? இந்தக் கேள்வியோடு நாளை இளையாற்றங்குடிக்குப் போகிறேன்.

இரண்டாம் நாள்: இளையாற்றங்குடி

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எனப்படும் நகரத்தார் சமூகம் முழுவதும் ஒன்பது கோயில்களுக்குள் அடங்கிவிடுகிறது: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அது எந்தக் கோயில் என்பது தீர்மானமாகிவிடும். திருமணமானதும் கணவனும் மனைவியுமாக ஒரு ‘புள்ளி’ ஆகிறார்கள்; கோயிலுக்குரிய வரி அந்தப் புள்ளிக் கணக்கில் வாங்கப்படுகிறது. அடையாளத்தை இவ்வளவு தெளிவாகவும் உறுதியாகவும் வகுத்து வைத்திருக்கும் வேறொரு சமூகத்தை நான் கண்டதில்லை. தாஜ்ஃபெலின் சிறுவர்களுக்குக் கிடைத்த கோட்டைவிட இது ஆயிரம் மடங்கு அழுத்தமான கோடு. அப்படியிருந்தும் மாத்தூர்க் கோயிலாரும் வேலங்குடிக் கோயிலாரும் அரிவாள் எடுத்தார்கள் என்று இந்தப் பகுதியில் யாரும் கதை சொல்லக் கேட்டதில்லை.

கைலாசநாதர் சன்னிதியில் கூட்டமே இல்லை. குளக்கரைப் படியில் ஒரு பெரியவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். ‘ஒரே கோயில்னா பங்காளி, தம்பி. பங்காளி வீட்டுப் பொண்ணு நமக்குக் கூடப் பிறந்தவ மாதிரி. அடுத்த கோயில்லதான் பொண்ணு எடுக்கணும், அடுத்த கோயிலுக்குத்தான் கொடுக்கணும்’ என்றார். பிள்ளையார்பட்டியும் இரணியூரும் உடன்பிறந்த கோயில்கள் என்பதால் அவ்விரண்டுக்கும் இடையேகூட மணவுறவு கிடையாது. மணமகன் கோயிலிலிருந்தும் மணமகள் கோயிலிலிருந்தும் மாலை வந்த பிறகே திருமணம் நிறைவு பெறும். திருமண உடன்படிக்கையை எழுதி வைக்கும் ஓலைக்கு ‘இசைகுடிமானம்’ என்று பெயர். எவ்வளவு அழகான சொல் அது!

ஒவ்வொரு வீட்டிலும் தாய் வேறு கோயில், பாட்டி வேறு கோயில், கட்டிக்கொடுத்த மகள் வேறு கோயில். எந்தக் கோயிலோடு சண்டை மூண்டாலும் எதிர்ப்பக்கத்தில் தன் அக்காளும் அக்காள் பிள்ளைகளும் நிற்பார்கள். பகை வளர வேண்டிய கோட்டின் மீதே உறவை நட்டு வைத்திருக்கிறார்கள். மாக்ஸ் குளக்மன் என்ற மானிடவியலாளர் ஆப்பிரிக்கச் சமூகங்களை ஆராய்ந்து, ஒரு வகையில் எதிரியாக இருப்பவர் மற்றொரு வகையில் உறவினராக இருக்கும் இடத்தில் சண்டை தானே தணிந்துவிடுகிறது என்று விளக்கினார். இதற்குத் தமிழில் பழைய பெயரே இருக்கிறது: கொள்வினை கொடுப்பினை.

ஆனால் ஒன்பது கோயில்களுக்கும் சேர்த்து வெளியே ஒரு மதில் இருக்கிறது. கொள்வதும் கொடுப்பதும் அந்த மதிலைத் தாண்டுவதில்லை. எங்கள் சாதியிலும் அப்படித்தான். எல்லாச் சாதியிலும் அப்படித்தான். நகரத்தாரின் மரபு வரலாறு இந்த இடத்தில் வியப்பூட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் குலம் முழுவதும் அழிந்து, குருவின் பாதுகாப்பிலிருந்த 1,502 ஆண் பிள்ளைகள் மட்டுமே எஞ்சினார்கள் என்றும், அவர்கள் வேளாளர் குலப் பெண்களை மணந்து குலத்தைத் தழைக்கச் செய்தார்கள் என்றும் அந்த மரபு சொல்கிறது. அது உண்மையில் நடந்ததா என்பதை வரலாற்றாசிரியர்கள் சொல்லட்டும். தங்கள் தொடக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையிலேயே வேறு குலத்துத் தாய்மார்களை வைத்துப் போற்றும் நேர்மை என்னைத் தொட்டது. எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட குலக்கதைகளில் எந்தத் தாயின் குலத்தைப் பற்றியும் பேச்சே இருந்ததில்லை.

மூன்றாம் நாள்: கானாடுகாத்தான்

நேற்று எழுதியதை இன்று கானாடுகாத்தான் பாதி கலைத்துவிட்டது.

ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டுகிடக்கும் வீடுகளில் ஒன்றைப் பார்க்க அனுமதி கிடைத்தது. முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்ததும் கைக்கு அடங்காத பர்மாத் தேக்குத் தூண்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும். ‘எங்க ஐயா ரங்கூன்ல கணக்கு முடிச்சு வந்து கட்டினது. நாப்பத்திரண்டுல எல்லாம் போச்சு’ என்றார். ஜப்பானியப் படைக்கு அஞ்சி 1942இல் இலட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவிலிருந்து வெளியேறியதைத்தான் அவர் குறிப்பிடுகிறார். நடந்தே வந்த பலர் வழியில் மாண்டார்கள். ஆச்சி அந்தத் தூணைத் தடவிக்கொண்டே பேசினார்.

அதற்கு முந்திய கதையை நான் அவரிடம் கேட்கவில்லை. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த செட்டியார்களிடம் இருந்த நிலம் ஏறத்தாழ 6 விழுக்காடு. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கடனுக்கு ஈடாக வைத்த நிலத்தைப் பர்மிய உழவர்களால் மீட்க முடியவில்லை. 1937இல் அந்தப் பங்கு 25 விழுக்காடாகிவிட்டது. நிலத்தை வைத்துக்கொள்வது செட்டியார்களுடைய விருப்பமாக இருந்ததில்லை. அவர்களுக்கு வேண்டியது பணம். ஆனால் தன் வயலிலேயே குத்தகைக்காரனாக நின்ற பர்மிய உழவனுக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்? 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்த தெலுங்குத் தொழிலாளர்களுக்குப் பதிலாகப் பர்மியர்களை வைத்து, வேலைநிறுத்தம் முடிந்ததும் அவர்களை வெளியே அனுப்பியதில் பெரும் கலவரம் வெடித்தது. 1938இல் புத்த மதத்தை இழிவுபடுத்துவதாகச் சொல்லப்பட்ட ஒரு நூலை முன்வைத்துக் கிளர்ச்சி எழுந்து, முஸ்லிம்களும் பொதுவாக இந்தியர்களும் தாக்கப்பட்டார்கள். நிலமும் வேலையும் நெஞ்சுக்குள் எரிந்துகொண்டிருக்க, வாயில் மதத்தின் பெயர் வந்தது. மதத்தின் பெயர் வந்த பிறகு கடனே வாங்காதவனும் கையில் தடி எடுத்தான். அடகுச் சீட்டையே கண்டிராத ஏழைத் தொழிலாளி அடிபட்டுச் செத்தான். உண்மையான குறையொன்று கூட்டத்தின் பெயரைச் சூடிக்கொண்டுவிட்டால், குறைக்குக் காரணமானவரைத் தேடும் வேலை நின்றுபோகிறது. எனக்கு மிகவும் அச்சமூட்டுவது இதுதான்.

மூன்றாண்டுக் கணக்குக்கு, அதாவது மூன்றாண்டு வேலைத் தவணைக்கு, போன செட்டியார் முகவர்கள் குடும்பத்தைக் கூட்டிச் செல்வதில்லை. பர்மியக் குடும்பங்களோடு அவர்களுக்குக் கொள்வினையும் இல்லை, கொடுப்பினையும் இல்லை. எனவே பகை வளர்ந்தது என்று எழுதிவிட்டால் நேற்றைய கருத்து மிக எளிதாக நிறைவுபெற்றுவிடும். ஆனால் பர்மியப் பெண்களை மணந்து அங்கேயே வாழ்ந்த இந்திய முஸ்லிம்கள் பலர் இருந்தார்கள். அந்த மணங்கள் பகையைத் தணிக்கவில்லை. ‘எங்கள் பெண்களைக் கொண்டுபோகிறார்கள்’ என்பதே 1938 கிளர்ச்சியின் பெரிய முழக்கங்களில் ஒன்றாக இருந்தது. இரவு முழுவதும் இது என்னைத் தூங்கவிடவில்லை. கொள்வது மட்டும் நடந்தது, கொடுப்பது நடக்கவில்லை. மணந்த பெண் தன் மதத்தையும் பெயரையும் விட்டுவிட்டுக் கணவனின் பக்கம் முழுமையாகப் போக வேண்டியிருந்தது. இளையாற்றங்குடிப் பெண் வேறு கோயிலுக்குப் போனாலும் அவள் பிறந்த கோயிலின் மாலை அவளோடு வருகிறது. அந்த மாலை வராத திருமணம், இரு பக்கத்துக்கும் பாலமாவதற்குப் பதிலாக ஒரு பக்கத்தாருக்குத் தோல்வியாகத் தோன்றிவிடுகிறது போலும்.

நான்காம் நாள்: குன்றக்குடி, திருக்கோட்டியூர்

குன்றக்குடியில் சிறிது நேரமே இருந்தேன். 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே கலவரம் நடந்தபோது அமைதிப் பணிக்காக அங்கே சென்ற குன்றக்குடி அடிகளாரின் மடத்தை வாசலில் நின்று வணங்கிவிட்டுத் திருப்பத்தூர் வழியாகத் திருக்கோட்டியூர் போனேன்.

சௌமியநாராயணப் பெருமாள் கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும்போது, திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்த இராமாநுசரின் கதை நினைவுக்கு வராமல் இராது. திருக்கோட்டியூர் நம்பி மறைபொருளை அவருக்குச் சொல்லிக் கொடுத்து, வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஆணையிட்டார். இராமாநுசரோ மேலே ஏறி நின்று ஊராரைக் கூவி அழைத்து அதை எல்லாருக்கும் அறிவித்தார். குருவின் ஆணையை மீறியதால் தனக்கு நரகம் கிடைத்தாலும், கேட்டவர்கள் எல்லாரும் உய்ந்தால் போதும் என்றார். மதம்தான் மனிதப் பகைக்கு வேர் என்று உறுதியாகச் சொல்பவர்கள் இந்த ஊருக்கு ஒருமுறை வந்து போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆயினும், அந்த மந்திரம் எல்லாருக்கும் கிடைத்துப் பல நூற்றாண்டுகள் ஆன பின்பும் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் நிறுத்தப்பட்டே இருந்தார்கள். ஏன்? மந்திரத்தை ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் கொடுத்தவரிடம் அது குறைவதில்லை. முதல் மரியாதை அப்படிப்பட்டதன்று. பரிவட்டமும் காளாஞ்சியும் முதலில் ஒருவருக்குக் கிடைப்பதால்தான் அதற்குப் பெயர் முதல் மரியாதை. எல்லாருக்கும் கிடைத்தால் அது இல்லாமலே போய்விடும். பிரிஸ்டல் சிறுவர்கள் பணத்தை இழந்தும் காப்பாற்றிக்கொண்டது இந்த வேறுபாட்டைத்தான். நம் ஊர்க் கோயில்களில் நடக்கும் சண்டைகளில் கடவுளைப் பற்றிய கருத்து வேறுபாடு ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. இரு தரப்பும் ஒரே சாமியைத்தான் கும்பிடுகின்றன. யார் முன்னால், யார் பின்னால், யார் வெளியே என்பதுதான் வழக்கு.

ஐந்தாம் நாள்: கண்டதேவி

தேவகோட்டையிலிருந்து கண்டதேவி மிக அருகில். சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் சிவகங்கைச் சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. சீதையை மீட்கப் போராடிச் சிறகிழந்த ஜடாயுவின் கதையோடு இவ்வூர்த் தலபுராணம் பிணைந்திருக்கிறது. சிறகிலிநாதர் என்றும் இறைவனுக்குப் பெயர். தன் இனமல்லாத ஒரு பெண்ணுக்காக உயிரைக் கொடுத்த பறவையின் கதையால் விளங்கும் ஊர் இது என்று சன்னிதியில் நின்றபோது எண்ணிக்கொண்டேன்.

ஆனித் தேருக்கு நான்கு வடங்கள். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி என்ற நான்கு ‘நாடுகளுக்கு’, அதாவது ஊர்க் கூட்டங்களுக்கு, வடத்துக்கு ஒன்றாக உரிமை. என் அம்மாவின் தந்தையை நாங்கள் ஐயா என்று அழைப்போம். தேரோட்டம் முடிந்து வீடு திரும்பியதும், கயிறு உரசிச் சிவந்த உள்ளங்கைகளைப் பேரப்பிள்ளைகளிடம் விரித்துக் காட்டுவார். அந்தக் கைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த வடத்தை யார் தொடக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது என்று எழுத ஆசைதான். தெரியும். பத்து வயதுப் பிள்ளைகளான எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவர்கூடச் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

ஆதிதிராவிடர்களும் வடம் பிடிக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஒட்டி 1998இல் இங்கே பெரும் பதற்றம் எழுந்தது. அதன்பின் வழக்குகள், ஊரடங்கு போன்ற காவல், ஓடாத தேர், ஓடியும் மனம் ஆறாத தேர் என்று ஆண்டுகள் கழிந்தன. 2006க்குப் பிறகு 17 ஆண்டுகள் தேரோட்டமே இல்லை. உயர்நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, 2024 ஜூன் 21 அன்று, பலத்த காவலுடன், எல்லாத் தரப்பினரும் வடம் பிடிக்கத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. ஒரு கயிற்றைப் பகிர்ந்துகொள்வதைவிடச் சாமியை நிலையிலேயே நிறுத்தி வைப்பது மேல் என்று ஒரு சமூகம் ஆண்டுக்கணக்கில் நினைக்க முடியும் என்பதை என் உறவினர்களிடம் நான் நேரில் கண்டிருக்கிறேன்.

உஞ்சனைக்கும் போனேன். 1979இல் அய்யனார் கோயில் புரவி எடுப்பை ஒட்டி எழுந்த மோதலில் ஐந்து ஆதிதிராவிடர்கள் இங்கே கொல்லப்பட்டார்கள். மண்ணால் செய்து தூக்கிப் போகும் குதிரைகளுக்காக ஐந்து உயிர்கள். கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் எதுவும் கேட்கத் துணிவு வரவில்லை.

வேரைத் தேட இன்னும் பின்னால் போக வேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், அன்று இந்தப் பகுதியும் அடங்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் கூடி, ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது; சட்டையோ பனியனோ போடக் கூடாது; முடியை வெட்டிக்கொள்ளக் கூடாது; குடையும் செருப்பும் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூச் சூடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 ஜூனில் எட்டு பதினொன்றாயிற்று. பிள்ளைகள் படிக்கக் கூடாது. தங்களுக்குள்ள நிலத்தை மிராசுதார்களுக்கு மலிவாக விற்றுவிட வேண்டும். காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை ஆணுக்கு நான்கணா, பெண்ணுக்கு இரண்டணாக் கூலிக்கு உழைக்க வேண்டும்.

யாரும் அணியாத சட்டையை எவரும் தடை செய்யப் போவதில்லை. அந்த ஆண்டுகளில் சட்டையும் குடையும் பள்ளிக்கூடமும் அந்தத் தெருக்களுக்குள் வரத் தொடங்கிவிட்டன என்பதற்கு அந்தத் தடைகளே சாட்சி. கொழும்புக்கும் மலாயாவுக்கும் ரங்கூனுக்கும் கூலிக்குப் போய்த் திரும்பியவர்களும் அவற்றைக் கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வேறுபாடு அழியத் தொடங்கியபோதுதான் வன்முறை வந்திருக்கிறது. வேறுபாடு அதிகமாக இருந்ததால் வரவில்லை. முதல் பட்டியலில் மரியாதை, இரண்டாம் பட்டியலில் நிலமும் கூலியும். பர்மிய உழவனின் நெல் விலை சரிந்த அதே காலம் இது. இங்கே சரிவின் சுமையைக் கீழே இருந்தவர்களின் தலையில் ஏற்றினார்கள். அந்தக் கூட்டங்களில் என் ஐயாவின் தகப்பனார் உட்கார்ந்திருந்தாரா என்று சொல்ல இன்று எங்கள் வீட்டில் யாரும் இல்லை. நிலமும் நாட்டார் என்ற பெயரும் இருந்த குடும்பம் வேறெங்கே உட்கார்ந்திருக்கும்?

நான்கு நாடுகளும் தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பவை. நான்கு வடங்களும் ஒரே தேரை இழுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஐந்தாவதாக நின்றவர்களோடு மட்டும் அது இல்லை.

ஆறாம் நாள்: மாமா வீடு

மாமா திண்ணையில் சாய்ந்திருந்தார். ‘வாங்க மாப்ள, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?’ என்று எழுந்து உட்கார்ந்தார். சாப்பிட்டு முடிக்கும் வரை விஷயத்தை எடுக்கவில்லை. பிறகு சொன்னேன்: பையனைப் பற்றியும், அவன் வேலையைப் பற்றியும், அவன் எந்தச் சாதி என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பேசித் தடுக்கும்படி என்னை அனுப்பினார்கள் என்றும், நான் தடுக்கப் போவதில்லை என்றும், தாய்மாமன் சீரை நானே வைத்துத் திருமணத்தை நடத்திக் கொடுப்பேன் என்றும் சொன்னேன்.

மாமா வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘நான் வரமாட்டேன், மாப்ள. ஒங்க அம்மா இருந்தா அவளும் வந்திருக்க மாட்டா’ என்றார். அது உண்மையாக இருக்கலாம். அம்மாவை நான் எவ்வளவு நேசிக்கிறேனோ அவ்வளவு வலியோடு அதை இங்கே எழுதுகிறேன். அத்தை மட்டும் வாசல் வரை வந்து, தங்கை மகள் எத்தனை உயரம் இருப்பாள் இப்போது என்று கேட்டார்.

மாலையில் காரைக்குடியில் இறங்கி ஒரு சேலைக் கடைக்குப் போனேன். முகூர்த்தத்துக்குப் பட்டு பிறகு எடுத்துக்கொள்ளலாம். இந்த மண்ணிலிருந்து அவளுக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. அரக்கு நிறத்தில் பெரிய கட்டம் போட்ட கண்டாங்கி ஒன்று எடுத்தேன். பிறகு மயில்கழுத்து நிறத்தில் இன்னொன்றும் எடுத்தேன். அது, நான் இன்னும் முகம் பார்த்திராத அந்தப் பையனின் தாயாருக்கு.